முட்டைக் கூடையோடு பழனி மலை: ஐந்து நாள் குறிப்பு

21 ஜனவரி 2025, செவ்வாய் – தாண்டிக்குடி

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே காலை ஆறரைக்கு நாலு இட்லி 40 ரூபாய். தேங்காய்ச் சட்னி தீர்ந்துவிட்டதால் கடைக்கார அக்கா தானாகவே முதல்நாள் மீன்குழம்பு ஒரு கரண்டி ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி போகும் பேருந்தில் கூடை வெறுமையாக ஏறியது. மூங்கில் கூடை, அடியில் நாலு விரல் உயரத்துக்கு உமி, அதன்மேல் முப்பது முட்டை பிடிக்கும் காகித அட்டை இரண்டு. "உள்ள கோழி இருந்தா டிக்கெட் போடணும்ணே" என்று நடத்துநர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உமியைக் கண்டதும் கூடையைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

வந்த வேலை இதுதான்: மலைக்கிராமங்களின் வீட்டுக்கோழி முட்டைகளைச் சேகரித்துச் சமவெளியில் ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கருக்களின் இனச்செல்களை, அதாவது பின்னால் விந்தணுவாகவோ சினைமுட்டையாகவோ மாறப்போகும் செல்களை, அங்கே எடுத்து வளர்த்துத் திரவ நைட்ரஜனில் உறையவைப்பார்கள். கோழி முட்டையை உறையவைக்க முடியாது. மஞ்சள் கரு இடம் தராது. சேவலின் விந்தை உறையவைக்கலாம், ஆனால் பெட்டைக்கே உரிய டபிள்யூ குரோமோசோம் அதில் இல்லை. இனச்செல்லை வைத்திருந்தால், நாளை ஒரு நோயில் மலைக்கோழிகள் அத்தனையும் போனாலும், வேறொரு கோழியின் கருவுக்குள் அதை விட்டுப் பழைய இனத்தை மீட்கலாம். மரபணு மாற்றிய கோழியை உண்டாக்குகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். அவர்கள் நடுவில் அந்தச் செல்லுக்குள் ஒரு மரபணுவைப் புகுத்துகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கூடையில் வரும் முட்டைகளில் எதையும் புகுத்தப்போவதில்லை. ஆனாலும் போகிற இடமெல்லாம் பேச்சு அங்கேயே போய் நின்றது.

தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறிக்கும் நாட்கள். களத்தில் காயும் பழத்தின் புளித்த வாடை ஊர் எல்லையிலேயே வந்துவிடுகிறது. மதியச் சாப்பாடு 80 ரூபாய்: மொச்சைக்குழம்பு, சௌசௌ கூட்டு, மிளகு ரசம். எதிரில் உட்கார்ந்திருந்த தோட்டத்து மேஸ்திரி கூடையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முட்டைக்குள்ள ஜீனை எப்படிண்ணே போடுவாங்க? ஊசியா?"

ஊசிதான். எப்போது, எங்கே என்பதில்தான் முப்பது ஆண்டு உழைப்பு போயிருக்கிறது. எலியில் கருவுற்ற ஒற்றைச் செல்லுக்குள் ஊசி போடுவார்கள். கோழியில் அந்த ஒற்றைச் செல் நம் கைக்கு வருவதே இல்லை. மஞ்சள் கரு கழன்று சினைப்பாதையின் வாய்க்குள் விழுந்த கால் மணி நேரத்துக்குள் கருவுறுகிறது. பிறகு ஏறத்தாழ 25 மணி நேரம் வெள்ளைக் கருவும் ஓடும் சேர்ந்துகொண்டே வர, கரு பிரிந்துகொண்டே இருக்கும். முட்டை கூடையில் விழும்போது மஞ்சள் கருவின் மேல் தெரியும் வெளிறிய பொட்டில் 50,000 முதல் 60,000 செல்கள் வரை இருக்கின்றன. அதில் ஊசி போட்டால் சில செல்களில் ஏறும், பலவற்றில் ஏறாது. பிறக்கும் குஞ்சு ஒரு கலவை. காலில் மரபணு இருக்கும், ஈரலில் இருக்காது. விந்தகத்தில் இல்லையென்றால் அந்தப் பறவையோடு அது முடிந்தது.

ஒற்றைச் செல் நிலையைப் பிடித்தே தீருவதென்று முயன்றவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் ரோஸ்லினில் வேலை செய்த மார்கரெட் பெரி, ஒற்றைச் செல்லிலிருந்து குஞ்சு வரை கருவைத் தாய்க்கு வெளியே வளர்க்கும் முறையை 1988இல் வெளியிட்டார். கருவை எடுக்கப் பெட்டையைக் கொன்றாக வேண்டும். ஒரு கருவுக்கு ஒரு கோழி. அந்த முறையில் டி.என்.ஏ. ஊசி போட்டுப் பருவத்துக்கு வந்தவற்றில் ஒரே ஒரு சேவல்தான் புகுத்திய மரபணுவைக் குஞ்சுகளுக்குக் கடத்தியது. 1994இல் வந்த கணக்குப்படி அதன் குஞ்சுகளில் 3.4 சதவீதம்.

சாயங்காலம் முட்டை கேட்டுப் போன முதல் வீட்டில் ஆறு மணி ஆகிவிட்டது. "விளக்கு வச்சாச்சு, இனி முட்டை வெளிய குடுக்க மாட்டோம். காலைல வாங்க" என்று அந்த அம்மா காப்பி கொடுத்து அனுப்பினார். கருப்பட்டிக் காப்பி, சுக்கு தட்டிப் போட்டது.

22 ஜனவரி, புதன் – பண்ணைக்காடு

காலையில் அதே வீட்டில் 17 முட்டைகள். சாப்பிட என்றால் 15 ரூபாய், அடை வைக்க என்றால் 20. வாசலில் கழுத்தில் இறகில்லாத சேவல் ஒன்று நின்றது. மொட்டைக் கழுத்துக் கோழி என்பார்கள். உற்றுப் பார்த்தால் கழுத்தின் முன்புறம் கீழே ஒரு சிறு இறகுக் கொத்து. அந்தக் கொத்து ஒரு சாட்சி. மொட்டைக் கழுத்து மரபணு இரண்டு பிரதி இருக்கும் கோழியின் கழுத்து முழுக்க வெறுமையாக இருக்கும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் இப்படிக் கொத்து நிற்கும். "இதோட குஞ்சுல பாதிதான் மொட்டைக் கழுத்தா வருதா?" என்று கேட்டதும் அந்த அம்மா சேவலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, பாதிக்குப் பாதி. எப்படித் தெரியும்?"

புகுத்திய மரபணுவும் முதலில் ஒற்றைப் பிரதியாகத்தான் உட்காரும். அதைச் சுமக்கும் இனச்செல்லிலிருந்து வரும் விந்தணுக்களில் பாதியில்தான் அது இருக்கும். இந்தக் கணக்கை ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மங்களங்கொம்பு தாண்டிப் பண்ணைக்காடு வரை சாலை நெடுக மலைவாழை. பேருந்து நின்ற இடத்தில் ஒரு பெரியவர் விருப்பாச்சிப் பழம் ஒன்று 12 ரூபாய் என்று விற்றார். தோல் கறுத்திருந்தால்தான் ருசி என்று அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

பண்ணைக்காட்டில் 12 முட்டைகள் கிடைத்தன, ஆனால் ஒரு சிக்கலோடு. ஊருக்குப் பொதுவாக முருகனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, வல்லூறு நிறம், எல்லா வீட்டுப் பெட்டைகளோடும் திரிகிறது. முட்டை கொடுத்த வீட்டுக்காரர் தன் காகச் சேவல்தான் தகப்பன் என்று உறுதியாகச் சொன்னார். நேர்ந்துவிட்ட சேவலைப் பத்து நாளுக்கு முன்பே விரட்டிவிட்டாராம். பத்து நாள் போதாது. பெட்டையின் சினைப்பாதையில் விந்தணுவைச் சேமித்துவைக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேர்ந்த சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை அங்கே உயிரோடு இருந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். மரபணு கடத்தலைச் சோதிக்கும் பண்ணையிலும் இதே தவறு நடக்கும். வேறு சேவலோடு இருந்த பெட்டையை உடனே சோதனைக்கு எடுத்தால், வரும் குஞ்சு யாருடையது என்று தெரியாமல் கடத்தல் விகிதம் குறைவாகவே பதிவாகும். மூன்று வாரம் தனியாக வைத்து, இடும் முட்டைகளைக் கழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தப் பன்னிரண்டையும் 'தகப்பன் தெரியாது' என்று எழுதிவைத்தோம்.

டீக்கடையில் (டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி மூன்று 20) விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. ஒற்றைச் செல்லைப் பிடிக்க முடியாதென்றால் வேறு வழி?

முதல் வழி வைரஸ். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள முடியாதபடி முடக்கிய வைரஸுக்குள் மரபணுவை வைத்து, புதிதாக இட்ட முட்டையின் கருப்பொட்டுக்கு அடியில் செலுத்துவது. தன் மரபணுவைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிவிடும் ரெட்ரோவைரஸில் 1980களிலேயே கடத்தல் நடந்தது. ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் 2004இல் அதே வகையைச் சேர்ந்த லென்டிவைரஸைக் கொண்டு உண்டாக்கிய சேவல்கள் 4 முதல் 45 சதவீதம் வரை குஞ்சுகளுக்குக் கடத்தின. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். ஒரே சேவலின் இரண்டு குஞ்சுகளில் மரபணு இரண்டு குரோமோசோம்களில் இருக்கலாம். ஒவ்வொரு குஞ்சையும் தனி வம்சமாக நினைத்துத்தான் வளர்க்க வேண்டும். வைரஸுக்குள் பிடிக்கும் சுமைக்கும் அளவு உண்டு. நீளமான மரபணு ஏறாது.

இரண்டாவது வழி பறவைக்கே உரிய ஒரு வழக்கத்தைப் பயன்படுத்துவது. பாலூட்டிகளில் மூல இனச்செல்கள் திசுக்களின் ஊடே நகர்ந்து விந்தகத்துக்கோ சினையகத்துக்கோ போகும். கோழியில் அவை இரத்தத்தில் ஏறிப் பயணம் செய்கின்றன. கருப்பொட்டின் நடுவில் சில பத்துச் செல்களாகத் தொடங்கி, தலைப்பக்கம் பிறை வடிவ ஓரத்தில் கூடி, இரத்தக் குழாய்கள் உருவானதும் அதற்குள் நுழைந்து, அடை வைத்த இரண்டரை நாள் வாக்கில் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. பிறகு இனஉறுப்பு உருவாகும் இடத்தில் இறங்கிவிடுகின்றன. எடுக்கவும் விடவும் வாசல் திறந்திருப்பது அந்தச் சில மணி நேரம்தான். கோழிக்கரு இப்படியொரு கதவைத் திறந்து வைத்திருப்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு குறையாத விஷயம்.

டீக்கடைக்காரர் கேட்டார்: "பேருந்துல ஏத்திவிட்ட மாதிரி, தானா இறங்குற இடத்துல இறங்கிக்குமா?" இறங்கிக்கொள்ளும்.

23 ஜனவரி, வியாழன் – கொடைக்கானல்

ஊத்து என்ற ஊர் போய்ப் பேருந்து மாறி, பெருமாள்மலை வழியாக மேலே. வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டில்களைக் கேட்டார்கள். ஒன்று இருந்தது, 20 ரூபாய் பசுமை வரி. கூடையையும் இறக்கச் சொன்னார்கள். அட்டை காகிதம், மூடி மூங்கில் என்று பார்த்ததும் அந்தப் பெண் ஊழியர் ஒரு முட்டையைக் கையில் எடுத்து, "கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு" என்று பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

ஏரிச்சாலைக் கடையில் அவித்த முட்டை 15 ரூபாய். உரித்தால் மஞ்சள் கரு நடுவில் இளகியிருந்தது. "இங்க பதினஞ்சு நிமிசம் வேணும் சார், அவசரப்பட்டுக் கேட்டீங்க" என்றார் கடைக்காரர். சரிதான். 2,133 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம்.

அதே காரணத்தால்தான் தங்கிய விடுதிக்காரரின் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. பின்புறக் கொட்டகையில் அறுபது முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் வைத்திருக்கிறார். திண்டுக்கல்லில் வாங்கியதாம். சூடு 37.6, ஈரப்பதம் 55, மணிக்கு ஒருமுறை முட்டை திரும்புகிறது. எல்லாம் புத்தகப்படி. ஆனாலும் இருபதாம் நாள் ஓடு கொத்திய குஞ்சு சவ்வில் ஒட்டி உலர்ந்துபோகிறது. காற்று மெலிந்த இடத்தில் ஓட்டின் துளைகள் வழியாக நீராவி வெகு சுலபமாக வெளியேறும், கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாக. பதினெட்டு நாளில் முட்டை 11 முதல் 13 சதவீதம் எடை இழக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டை 44 கிராம் என்றால் ஐந்து கிராம் சொச்சம். தராசு கொண்டுவரச் சொல்லி, பதினாறாம் நாளில் இருந்த மூன்று முட்டைகளை நிறுத்துப் பார்த்தால் ஏழு கிராம் போயிருந்தது. ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றி, தண்ணீர்த் தட்டை அகலமாக்கி, வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொன்னோம். தலைமுறைகளாக உயரத்திலேயே வாழும் கோழிகள் ஓட்டின் துளைகளைக் குறைத்துக்கொண்டு இதற்கு ஈடுகொடுப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர் வைத்திருந்ததோ சமவெளிப் பண்ணையிலிருந்து வாங்கிவந்த முட்டை.

மரபணு வேலையில் இந்த நீரிழப்பு இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே ஓட்டையே வெட்டுகிறார்கள். அந்த வேலை இப்படிப் போகும். இரண்டரை நாள் கருவின் பெரிய இரத்தக் குழாயிலிருந்து கண்ணாடி ஊசியால் ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் இரத்தம் எடுப்பார்கள். ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர். ஆயிரக்கணக்கான சிவப்பணுக்களுக்கு நடுவே மூல இனச்செல்கள் வெகு சில. மற்றதைவிடப் பெரியவை, உருண்டை, உள்ளே பளபளக்கும் கொழுப்புத் துளிகள். செல்லை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்க வேண்டும், எஃப்.ஜி.எஃப்., இன்சுலின், ஆக்டிவின் ஆகிய மூன்று வளர்ச்சிச் சமிக்ஞைகளும் வேண்டும். சிவப்பணுக்கள் தாமாகச் செத்துக் கழிய, மூன்று நாலு வாரத்தில் இனச்செல்கள் லட்சக்கணக்கில் பெருகும். அடித்தட்டில் ஒட்டாமல் மிதந்தே வளரும். ஒட்டத் தொடங்கினால் அவை இனச்செல் தன்மையை இழக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி மரபணு. பிக்கிபேக் அல்லது டால்2 என்ற தாவும் டி.என்.ஏ.வின் இரு முனைகளுக்கு நடுவே வேண்டிய மரபணுவை வைத்து, அதை வெட்டி ஒட்டும் நொதியின் மரபணுவையும் தனி டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்து, மின்னதிர்வாலோ கொழுப்புத் துகளாலோ செல்லுக்குள் செலுத்துவார்கள். ஏறிய செல்லை மட்டும் பிரிக்க, ஏறாததைக் கொல்லும் பூரோமைசின் மருந்து அல்லது ஏறியதைக் காட்டிக்கொடுக்கும் பச்சை ஒளிரும் புரதம். இந்த இடத்தில் பலரும் சறுக்குவார்கள். மூல இனச்செல் வெளியிலிருந்து வந்த மரபணுவை அடக்கிவைக்கும் சுபாவம் கொண்டது. உள்ளே உட்கார்ந்திருந்தும் வேலை செய்யாது, ஒளிராது, தேர்வில் செத்துப்போகும். கலிஃபோர்னியாவில் வான் டி லவ்வாரும் கூட்டாளிகளும் 2006இல் வளர்த்த இனச்செல் வழியாகக் கடத்தலை முதன்முதலாகச் சாதித்தபோது, மரபணுவின் இரு பக்கமும் கோழியின் குளோபின் மரபணுவிலிருந்து எடுத்த காப்புத் துண்டுகளை வேலிபோல வைத்த பிறகுதான் அது நின்றது.

தேர்ந்தெடுத்த செல்கள் மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை, ஒரு மைக்ரோலிட்டருக்குள், மறுபடியும் இரண்டரை நாள் கருவின் இரத்தத்துக்குள். ஊசிமுனையின் துவாரம் செல்லைவிடக் குறுகலாக இருந்தால் செல் கிழியும். அகலமாக இருந்தால் குழாய் கிழிந்து கரு இரத்தம் கசிந்து சாகும். ஒரு காற்றுக்குமிழி போதும், இதயம் நின்றுவிடும். ஓட்டில் வெட்டிய ஜன்னலைப் பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளால் மூடி ஓரங்களை இறுக்கமாக ஒட்ட வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கும் பாதிக்கு மேல் பொரித்தால் நல்ல நாள். கருக்கள் ஊசியால் மட்டும் சாவதில்லை, ஜன்னல் ஓரத்தில் கசியும் ஈரத்தாலும் சாகின்றன.

இரவு எட்டுக்கு மின்சாரம் போனது. விடுதிக்காரர் இன்குபேட்டரைக் கம்பளியால் போர்த்தி, மூடியைத் திறக்கவே கூடாது என்று தன் பையன்களைக் காவல் வைத்தார். ஒன்றரை மணி நேரம். சூடு 34க்குக் கீழே இறங்கவில்லை.

24 ஜனவரி, வெள்ளி – பூம்பாறை, மன்னவனூர்

பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய வயல்களில் கேரட்டும் பூண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கிலோ 400 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேச மாட்டார்கள். குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் பக்கத்து வீடுகளில் 8 முட்டைகள், மன்னவனூரில் 9. கூடையில் மொத்தம் 46 ஆயிற்று. கீழ் அட்டையில் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும், மேல் அட்டையில் இன்றைய பதினேழு.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. புல்வெளியில் பாரத் மெரினோ ஆடுகள். பக்கத்தில் மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தன் மந்தையைக் காட்டி, "கிடா எவ்வளவு லட்சணமா இருந்தாலும் அதோட குட்டியப் பாத்துத்தான் வச்சுக்கிறதா விக்கிறதான்னு முடிவு பண்ணுவோம்" என்றார். இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்ல வந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஊசி போட்டுப் பிறந்த சேவல், தலைமுறை பூஜ்ஜியம். அதன் இறகிலோ இரத்தத்திலோ எதைத் தேடியும் பயனில்லை. புகுத்திய செல்கள் விந்தகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ஐந்தாறு மாதம் காத்திருந்து, வயிற்றை நீவி விந்து எடுத்து, குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் பார்த்தால் ஒரு மேலோட்டமான மதிப்பு கிடைக்கும். அதுவும் தீர்ப்பாகாது. குஞ்சு பொரிக்க வேண்டும், எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு நிறம் உதவும். வெள்ளை லெகார்ன் இனக் கருவுக்குள், கறுப்பில் வெள்ளை வரி ஓடும் வரிக்கோழியின் இனச்செல்லை விட்டிருந்தால், அந்தச் சேவலை வரிக்கோழிப் பெட்டைகளோடு சேர்க்கிறார்கள். லெகார்னின் வெள்ளை ஓங்குதன்மை உடையது. சேவலின் சொந்த விந்தணுவில் வந்த குஞ்சு வெளிர் மஞ்சள். புகுத்திய செல்லில் வந்த குஞ்சு கறுப்பு. பொரித்த தட்டைத் திறந்ததுமே கணக்கு தெரிந்துவிடும். நூற்றில் நாற்பது கறுப்பு என்றால் கடத்தல் நாற்பது. அந்த நாற்பதிலும் பாதி, இருபதில்தான் புகுத்திய மரபணு. மொட்டைக் கழுத்துக் கணக்கு இங்கேயும்.

சேவலைக் கழித்துக்கட்டுவதில் அவசரம் கூடாது. ஒரு சேவல் நூற்றுக்கு மூன்று வீதம்தான் கடத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 30 குஞ்சு பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிடுகிறவர், நல்ல சேவலை இழக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஏறத்தாழ 100 குஞ்சு பார்த்தால்தான் 95 சதவீத உறுதி. நூற்றுக்கு ஒன்று என்றால் 300 குஞ்சு. தீவனச் செலவு பார்த்து இந்த இடத்தில்தான் திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

சோதனைக்கு இரத்தம் எடுக்கக்கூட வேண்டாம். குஞ்சு வெளிவந்த ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் சவ்விலேயே டி.என்.ஏ. கிடைக்கும், எந்த ஓடு எந்தக் குஞ்சுடையது என்று கலந்துவிடாமல் ஒவ்வொரு முட்டைக்கும் தனி வலைப்பை போட வேண்டும். இரத்தம் எடுப்பதானால் காலின் இரத்தக் குழாயிலிருந்து ஒரு சிறு பொட்டு. கோழியின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் அதுவே தாராளம். அதிகம் போட்டால் பி.சி.ஆர். ஓடாது.

மரபணு இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருந்தால் கணக்கு மாறும். கோழியில் சேவல் இசட்-இசட், பெட்டை இசட்-டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகன்களுக்கு மட்டுமே தரும். அப்படிப்பட்ட பெட்டையின் மகள்களை மட்டும் சோதித்து, கடத்தவில்லை என்று எழுதிவிடுவது எளிதில் நடக்கும் பிழை.

முதல் தலைமுறையில் மரபணு உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குஞ்சுகளில் கால்வாசிக்கு இரட்டைப் பிரதி. அப்போதும் நிம்மதி இல்லை. மரபணு இருந்தும் தலைமுறைக்குத் தலைமுறை மெல்ல மௌனமாகிவிடும் வம்சங்கள் உண்டு, டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற வேதித் துணுக்கு படிந்து அணைந்துவிடும். ஆகவே ஒரே இடத்தை நம்பாமல், வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்த மூன்று நாலு வம்சங்களையாவது ஒன்றாகக் கொண்டுசெல்ல வேண்டும். ஊசியிலிருந்து இரட்டைப் பிரதி வரை ஒன்றரை ஆண்டாகிவிடும்.

இரவு தங்கிய வீட்டில் ராகிக் களி, பூண்டுக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். பணம் வாங்க மறுத்து, கடைசியில் பேரன் கையில் கொடுத்ததை மட்டும் ஏற்றார்கள். வெளியே உறைபனி. விடியற்காலை புல்வெளி வெள்ளையாக இருந்தது.

25 ஜனவரி, சனி – பழனி இறக்கம்

அதிகாலை மூன்றரைக்குக் கூடையைப் பார்க்கப் போனால் வைத்த இடத்தில் இல்லை. வீட்டுப் பாட்டி எழுந்து, "விறைச்சுப் போகும்னு அடுப்படியில வச்சேன் சாமி, பச்சைப் புள்ள மாதிரி தானே" என்றார். மேல் அட்டையில் வெப்பமானி 29 காட்டியது. உமிக்குப் பக்கத்தில் கீழ் அட்டையில் 20.

பாட்டி செய்தது பாதி சரி. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் கரு சேதமாகும். திண்ணையில் விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும். ஆனால் 21 டிகிரியைத் தாண்டினால் தூங்கும் கரு விழித்துக்கொள்ளும். 29இல் ஒழுங்காகவும் வளராது, சும்மாவும் இருக்காது. சில பகுதி முந்தும், சில பகுதி பிந்தும். நாலைந்து மணி நேரத்தில் செத்துவிடாது. ஆனால் இரத்தம் எடுக்கும் வேளை மற்ற முட்டைகளோடு ஒத்துவராது. மேல் அட்டைப் பதினேழுக்கும் பென்சிலால் வட்டமிட்டு, தனித் தட்டு என்று குறித்தோம். ஒரு வாரம் வரை வைத்திருக்க 15 முதல் 18 டிகிரி நல்லது. பகலில் இந்த மலை அந்தச் சூட்டைத் தானே கொடுத்துவிடுகிறது, இரவுக்குத்தான் கம்பளி.

கொடைக்கானல் வந்து பெருமாள்மலையிலிருந்து பழனிச் சாலை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே வந்த வேனுக்காகப் பேருந்து சட்டென நின்றதில் கூடை சரிந்தது. இரண்டு முட்டைகள் கீறல். பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பையன் மீதி வழியெல்லாம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் கேட்டது: "அந்தச் சேவலோட சொந்த விந்தே இல்லாம பண்ணிட்டா எல்லாக் குஞ்சும் நமக்கு வேண்டியதாவே வரும்ல?"

சரியான கேள்வி. கருவின் சொந்த இனச்செல்களைக் குறைக்க முன்பு பூசல்ஃபான் மருந்தையோ கதிரையோ பயன்படுத்தினார்கள். முழுமையாக ஒழியாது, கருவும் பாதிக்கப்படும். ரோஸ்லினில் டி.டி.எக்ஸ்.4 என்ற மரபணுவை முடக்கி, தனக்கென முட்டை இல்லாத பெட்டைகளை உண்டாக்கியதை 2017இல் வெளியிட்டார்கள். 2021இல் இன்னும் ஒரு படி: ஒரு மருந்தைக் கொடுத்ததும் சொந்த இனச்செல்கள் மட்டும் தாமாக மடியும்படி அமைத்த கருக்கள். அதில் வெளியார் செல்லை விட்டால், சேவலானாலும் பெட்டையானாலும் வளர்ந்தபின் தருவதெல்லாம் அந்த வெளியார் குஞ்சுதான். அப்படி ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் சேர்த்தால், முதல் பொரிப்பிலேயே இரட்டைப் பிரதி கிடைக்கும். மலைக்கோழியை மீட்கவும் இதுவே நேர்வழி. ஆண் செல் ஆண் கருவுக்கு, பெண் செல் பெண் கருவுக்கு என்று பி.சி.ஆரில் ஆணா பெண்ணா பார்த்து விடுவது வழக்கம். 

இதெல்லாம் எதற்கு என்றும் கேட்டான். மரபணு மாற்றிய கோழியின் முட்டை வெள்ளையில் உண்டாகும் செபிலிபேஸ் ஆல்ஃபா என்ற மருந்தை, உடம்பில் கொழுப்பைச் செரிக்கும் ஒரு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்காக, 2015 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. பறவைக் காய்ச்சலுக்கு எதிராகவும் முயற்சி நடக்கிறது. 2011இல் வந்த மரபணு மாற்றிய கோழிகள் தாம் நோய்ப்பட்டாலும் கூண்டில் மற்றவற்றுக்குப் பரப்பவில்லை. 2023இல் புதிதாக எதையும் சேர்க்காமல் ஏ.என்.பி.32ஏ என்ற சொந்த மரபணுவைத் திருத்திய கோழிகளில், வழக்கமான அளவு வைரஸுக்கு உட்பட்ட பத்தில் ஒன்பதுக்குத் தொற்றவில்லை. அளவை ஆயிரம் மடங்கு ஏற்றியபோது பாதிக்குத் தொற்றியது. வைரஸும் மாறத் தொடங்கியது. நம் நாட்டில் இந்த வேலை எதையும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளின்படி அனுமதி பெற்றுத்தான் செய்ய முடியும். கொட்டகையில் வைத்துப் பார்க்கிற காரியமில்லை.

அடிவாரத்தில் தைப்பூசத்துக்கு இப்போதே நடந்து வருகிறவர்கள் கூட்டம். காவடி, பச்சை வேட்டி, கொடியில் சேவல். பந்தலில் நின்றவர்கள் கூடையைப் பார்த்து, காணிக்கை என்று நினைத்து வழிவிட்டார்கள். எலுமிச்சைச் சாதமும் மோரும் கொடுத்தார்கள். வெயில் 31 டிகிரி. மலைக்குளிரில் இருந்த முட்டை ஓடுகளில் சட்டென வியர்த்துவிட்டது. அதைத் துடைக்கக் கூடாது. துடைத்தால் ஈரத்தோடு கிருமியும் துளைகளுக்குள் போகும். நிழலில் மூடியைத் திறந்து, காற்றில் தானாக உலர அரை மணி நேரம் விட்டோம். அதற்குள் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் தீர்ந்தது. அதில் இருந்ததும் விருப்பாச்சிப் பழம்தான்.

கணக்கு: வாங்கியது 46, கீறல் 2, மீதி 44. அதில் பென்சில் வட்டமிட்டது 17. மலைவளைவில் ஆடிய முட்டையை உடனே அடை வைக்கக் கூடாது. மழுங்கிய முனை மேலாக, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாமல் இருக்க வேண்டும். நாளை ஞாயிறு மாலை நாலு மணிக்கு முதல் தட்டு இன்குபேட்டருக்குள் போகும். 62 மணி நேரம் என்று வைத்தால் புதன் காலை ஆறு மணிக்கு இரத்தம் எடுக்கும் வேளை. கண்ணாடி ஊசிகளைச் செவ்வாய் இரவே இழுத்து, முனை தீட்டி வைத்துவிடச் சொல்லித் தொலைபேசியில் சொல்லியாயிற்று.